வாசலுக்கு உள்ளேயா, வெளியேயா

ரொட்டியைக் கத்தியாலும் முள்கரண்டியாலும் அறுத்துச் சாப்பிடும் மனிதரைக் குவைத்துக்கு வந்த பிறகுதான் முதலில் பார்த்தேன். கறுப்பாக ஒரே ஒரு துண்டு ரொட்டி. அதன்மேல் வினிகரில் ஊறிய மீன், இரண்டு வெங்காய வளையம். மேலே மூடுவதற்கு இன்னொரு துண்டு கிடையாது. எங்கள் சைட் ஆபீஸில் எல்லோரும் குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து விழுங்கிவிட்டு, ‘யல்லா, கிளம்பு’ என்று பத்து நிமிடத்தில் டியூட்டிக்குத் திரும்பிவிடுவோம். எண்ணெய்த் தொட்டிகளைச் சோதிக்க டென்மார்க்கிலிருந்து வந்திருந்த மிஸ்டர் ஹென்ரிக் மட்டும் மேசையில் ஒரு காகிதத்தை விரித்து, அந்தத் துண்டை அரைமணி நேரம் சாப்பிடுவார். நான் மீனவர் வீட்டுப் பிள்ளை. வேகாத மீனுக்கு ஒருவர் இவ்வளவு மரியாதை கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “இதைக் கொஞ்சம் வேகவைத்தால் என்ன?” என்று ஒருநாள் கேட்டே விட்டேன். அவர் சிரித்துவிட்டு, எந்த ஊர் என்று விசாரித்தார்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்குத் தெரியும், இந்தக் கேள்விக்கு நாம் யாரும் உண்மையான பதிலைச் சொல்வதில்லை. வடக்கத்திக்காரர் கேட்டால் மெட்ராஸ். மலையாளி கேட்டால் வேளாங்கண்ணிப் பக்கம். தமிழரே கேட்டாலும் காரைக்கால் பக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். ஆனால் டென்மார்க்காரரிடம் மறைக்க என்ன இருக்கிறது? தரங்கம்பாடி என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “உங்கள் ஆட்கள் டிராங்கேபார் என்பார்கள்” என்றதும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாராம். தஞ்சாவூர் நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதிக் கொடுத்த கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது என்றார். எங்கள் ஊர்க் கடிதத்தை அவர்கள் வைத்திருக்கிறார்கள், அவர்கள் ஊர்க் கோட்டையை நாங்கள் வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு மதிய இடைவேளை எங்கள் இருவருக்கும் சொந்தமாகிவிட்டது. அவருடைய ஊர் பிரெடெரிசியா. அதுவும் கோட்டை ஊர்தான். எங்கள் கடற்கரையில் கோட்டை எழும்பி முப்பது வருடம் கழித்து, அவர்களுடைய அரசர் ஒருவர் கடலோரமாக ஒரு மேட்டைச் சுற்றிப் பெரிய மண் அரண் எழுப்பி, அதற்குள் ஓர் ஊரையே குடியமர்த்தினாராம். தெருக்கள் எல்லாம் நூல் பிடித்த மாதிரி நேர்கோடு. எதிரி வந்தால் சிப்பாய்கள் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஓட வேண்டுமே. அப்படிப்பட்ட ஊருக்கு யார் விரும்பிப் போவார்கள்? அதனால் பின்னால் வந்த அரசர், எந்த மதத்தவரும் அங்கே வந்து தங்கள் கோயிலைக் கட்டிக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்தாராம். யூதரும் கத்தோலிக்கரும் பிரான்சிலிருந்து ஓடிவந்தவர்களும் அப்படிச் சேர்ந்தவர்கள்தான். பிழைப்பு தேடி வந்தவர்களால் நிரம்பிய ஊர் என்று கேட்டதும் எனக்கு அந்த ஊரைப் பிடித்துப்போனது.

எங்கள் ஊரில் கோட்டை நிற்கிறது, பெரிய வாசல் நிற்கிறது, சுற்றுமதில் பெரும்பாலும் இல்லை. கடல் தின்றது பாதி, காலம் தின்றது பாதி. டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறியும் போய்விட்டார்கள். அவர் ஊரில் மதிலை ஒட்டி ஒரு சண்டை நடந்திருக்கிறது. வெளியே முற்றுகையிட்டவர்களை உள்ளே இருந்தவர்கள் விடியுமுன் கிளம்பிப் போய்த் தாக்கினார்களாம். இன்றும் ஜூலை மாதத்தில் ஊரே ஊர்வலமாகப் போய், அன்று இறந்தவர்களின் கல்லறையில் பூ வைக்கிறது. ஊரின் முக்கியமான சிலைகூடத் தளபதிக்கு இல்லை, கையில் ஒரு பச்சைக் கிளையோடு நிற்கும் சாதாரணச் சிப்பாய்க்குத்தான். இப்போது அந்த அரணில் பீரங்கிகளின் பக்கத்தில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள், பனி பெய்தால் குழந்தைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். செல்போனில் படம் காட்டினார். நாங்கள் கோட்டைக்கு முன்னால் வலை உலர்த்தியதையும், டிக்கெட் வாங்காமல் உள்ளே நுழைந்து காவலாளியிடம் திட்டு வாங்கியதையும் நான் சொன்னேன்.

அப்போதுதான் அவர் கேட்டார். “உன் வீடு மதிலுக்கு உள்ளேயா, வெளியேயா?”

நம் ஊரில் ஒருவரை எந்தத் தெரு என்று கேட்டால், அது தெருவைப் பற்றிய கேள்வியாக இருப்பதில்லை. பள்ளியில் கேட்டார்கள். கல்லூரி விடுதியில் கேட்டார்கள். இங்கே குவைத்தில், மங்காஃப் பகுதியில், அறைக்கு ஆள் சேர்க்கும்போதுகூட ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, பிறகுதான் கட்டிலைக் காட்டினார்கள். அவர் கேட்ட தொனியில் எந்த விஷமும் இல்லை. ஆனாலும் பழைய பழக்கத்தில் அதையும் அந்தக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன். “உள்ளே. கிங் ஸ்ட்ரீட். தூண் வைத்த பழைய வீடு” என்றேன். பொய் அவ்வளவு சரளமாக வந்தது.

எங்கள் பழைய வீடு கடலோரத்தில் இருந்தது. சுனாமியில் போய்விட்டது. அன்று அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு பக்கத்துப் பொறையாருக்குப் போயிருந்ததால் பிழைத்தோம். அப்பா பின்னாளில் நோயில் போனார். இப்போது அம்மாவும் தங்கை கவிதாவும் இருப்பது ஊருக்கு வெளியே, சுனாமி குடியிருப்பில். வரிசையாக ஒரே மாதிரி கான்கிரீட் வீடுகள், சுவரில் பெயிண்டால் எண். அதைச் சொல்வதில் என்ன வெட்கம் என்று கேட்பீர்கள். வெட்கமாகத்தான் இருந்தது.

நவம்பரில் ஹென்ரிக் ஒரு குண்டு போட்டார். லீவில் ஊருக்குப் போகாமல் தரங்கம்பாடிக்குப் போகிறாராம். கோட்டையைப் பார்க்க வேண்டும், என் அம்மாவையும் பார்க்க வேண்டும், அந்தத் தூண் வீட்டைப் படம் பிடிக்க வேண்டும். அன்று இரவே அறைத் தோழர் சிவம் அண்ணையிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், அடுத்த கட்டில்.

“எங்கட ஊரிலயும் ஒல்லாந்தர் கட்டின கோட்டை இருக்கு. நான் அதுக்குள்ள குடியிருந்தனான் எண்டு சொன்னா ஊரே சிரிக்கும். நீர் ஏன் ஐசே இப்பிடிச் சொன்னனீர்? போய் உண்மையைச் சொல்லும்.”

சொல்லத் துணியவில்லை. அதைவிடப் பெரிய மடத்தனம் ஒன்றைச் செய்தேன். கிங் ஸ்ட்ரீட்டில் பூட்டிக்கிடக்கும் ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பள்ளித் தோழனிடம் பேசி, ஒரு மத்தியானத்துக்கு அதைத் திறந்துவைக்கச் சம்மதம் வாங்கினேன். பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அடுத்தவங்க வூட்ல ஒக்காந்துகிட்டு இது என் வூடுன்னு சொல்லணுமா? எனக்கு நாக்கு வராது தம்பி. வர்றவர இங்க கூட்டியாரக் கவிதாகிட்ட சொல்றேன். கொழம்பு வைக்கிறேன். வேணும்னா தின்னட்டும்.”

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. எங்களுக்கு விடுமுறை. காலை பத்து மணிக்கு, ஊரில் மதியச் சாப்பாட்டு நேரம், கவிதா வீடியோ காலில் வந்தாள். எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஹென்ரிக் உட்கார்ந்திருந்தார், வெயிலில் முகம் இறால் மாதிரி சிவந்திருந்தது. கையால் சோறு பிசையப் பார்த்துத் தோற்று, கரண்டி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்னால் சுவரில் எண் தெளிவாகத் தெரிந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, கவிதாவுக்குப் பேசக் கூச்சம். குவைத்திலிருந்து நான்தான் இரண்டு பக்கமும் மொழிபெயர்க்க வேண்டும்.

“இது மதிலுக்கு வெளியேதானே? கிங் ஸ்ட்ரீட் வீட்டுக்கு எப்போது போகிறோம் என்று உன் அம்மாவிடம் கேள்” என்றார்.

அம்மாவிடம் என்ன வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். மீன் பிடித்திருக்கிறதாம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரியவா போகிறது? கட்டிலில் உட்கார்ந்திருந்த சிவம் அண்ணை என்னையே பார்த்தார். நான் கேள்வியை அப்படியே சொன்னேன்.

“நாம வெளியதான்” என்றாள் அம்மா. “எப்பவும் வெளியதான். சொல்லு.”

சொன்னேன். அவள் வார்த்தைகளை மட்டும் சொல்லி நிறுத்த முடியவில்லை. அந்த வீடு எங்களுடையது இல்லை, நான் உங்களிடம் பொய் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஹென்ரிக் கரண்டியை வைத்துவிட்டுப் போனின் பக்கம் குனிந்தார்.

“ஏன்?” என்றார். உண்மையிலேயே புரியாமல் கேட்டார். “நானும் வெளியேதான் வளர்ந்தேன். பிரெடெரிசியாவில் யாரைப் பார்த்தாலும் அப்படிக் கேட்போம். எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கால்பந்துக் குழு என்று தெரிந்துகொள்ளத்தான்.” பிறகு குழம்பு இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார்.

இத்தனை நாள் நான் சுமந்த பாரம் அவருக்கு ஒரு கால்பந்து விஷயம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இதை அம்மாவுக்கு எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல், “பரவாயில்லன்னு சொல்றாரும்மா, கொழம்பு கேக்குறாரு” என்று மட்டும் சொன்னேன். அவள் ஊற்றினாள். ஊற்றிவிட்டுப் போனைக் கவிதாவிடமிருந்து வாங்கித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“என் வூட்ட நான் காட்டிட்டேன். வந்தவரு ஒண்ணும் ஓடிப்போயிடல. இப்ப நீ உன் ரூமக் காட்டு.”

இங்கே வந்த பதினோரு வருடத்தில் அவளுக்கு நான் கடற்கரைப் பூங்காவைக் காட்டியிருக்கிறேன், வணிக வளாகத்தின் நீரூற்றைக் காட்டியிருக்கிறேன். அறையைக் காட்டியதில்லை. போனை மெல்லத் திருப்பினேன். இரண்டு அடுக்குக் கட்டில்கள் மூன்று, கயிற்றில் உலரும் ஆறு பேரின் துணி, மூலையில் அரிசி மூட்டை, வணக்கம் சொல்லக் கையெடுத்த சிவம் அண்ணை. அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஹென்ரிக்கும் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார். என்னோடு தினமும் வேலை செய்பவர்தான், அவரும் இன்றுதான் பார்க்கிறார்.

ஏன் இப்படி, எப்படித் தூங்குகிறாய் என்றெல்லாம் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

“கடல் எந்தப் பக்கம்?”

யோசித்துப் பார்த்தேன். “கெழக்கால. நம்ம ஊரு மாதிரியேதான்மா.”

“காட்டு.”

கிழக்குப் பக்கம் திரும்பினேன். அங்கே ஜன்னல் இல்லை. ஏசி பொருத்திய சுவர் மட்டும் இருந்தது. அதற்கு நேராகப் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தரங்கம்பாடியில் அம்மாவும், பிரெடெரிசியாக்காரரும் அந்தச் சுவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.