நிழலுக்குப் போகாதவர்

சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து புறப்படும் பஸ், பாலத்தடி இராணுவச் சென்றியில் சோதனைக்காக நிற்கும். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி எல்லோரும் இறங்கி, வெயிலில் வரிசையாக நடக்க வேண்டும். எங்களோடு வரும் ஒரு கிழவர் மட்டும் அணிவகுப்புக்குப் போகிறவர் போல நிமிர்ந்து நடப்பார். எழுபது தாண்டியவர். காலில், அந்த மணலிலும் முகம் தெரியும்படி மினுக்கிய சப்பாத்து.

ஒருநாள் சோதித்த இளம் சிப்பாய், அவருடைய சட்டைப்பையில் பழைய அட்டையொன்றைக் கண்டான். இதே இராணுவத்தில் சார்ஜன்ட் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்! அவன் விறைத்து நின்று சல்யூட் அடித்து, பஸ்ஸில் போய் இருக்கும்படி சிங்களத்தில் சொன்னான். அவர் அசையவில்லை.

பின்னால் நின்ற நான், "ஐயா, இதை முதலே காட்டியிருந்தா இறங்கத் தேவையில்லையே?" என்றேன்.

"காட்டினா நான் பஸ்ஸில இருப்பன். என்ர மனுசி அங்க பொம்பிளையளின்ர வரிசையில நிக்கிறா. மகள் கைக்குழந்தையோட நிக்கிறாள். நீங்களும் நிக்கிறியள். நான் மட்டும் ஏறி இருக்கிறதோ? கடைசி ஆள் போகுமட்டும் நிப்பன்."

அதையே சிங்களத்தில் அவனிடமும் சொன்னார்.

மேலதிகாரி நிற்கும்போது சிப்பாய் உட்காரக் கூடாது என்பது அவர்களுடைய ஒழுங்கு. நிழலில் அவனுடைய கதிரை சும்மா கிடந்தது. கடைசி ஆள் கடக்கும்வரை அவனும் வெயிலில் விறைத்தபடி நின்றான். கிழவர் அவன் காலைப் பார்த்து, "சப்பாத்தை மினுக்கு" என்று அதட்டிவிட்டே ஏறினார்.

அடுத்த கிழமை அவனுடைய சப்பாத்து பளபளத்தது. எங்களை இறக்கி நடத்துவது மட்டும் மாறவில்லை. கிழவரும் எங்களோடு இறங்கி நடந்தார்.