குடலை இட்லிக்கு ஐந்து மணி நேரம்

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஏழாம் வகுப்புக்கு நேர் விகிதம் நடத்துவது என் பொறுப்பு. பிள்ளைகள் அதை அருமையாகக் கற்றிருந்தார்கள். மூன்று எண் கண்ணில் பட்டால் போதும், இரண்டைப் பெருக்கி மூன்றாவதால் வகுத்துவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தலைமையாசிரியர் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய், ஒரே பகலில் ஞானம் பெற்றுத் திரும்பினார். கணக்கை வாழ்க்கையோடு சேர்த்து நடத்த வேண்டுமாம். இதையே நான் சொன்னபோது, வாழ்க்கைக்கெல்லாம் பீரியட் கிடையாது என்றவர் அவர். கணித தினத்துக்கு ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. அவர் முன்னால் கோயில் குடலை இட்லி செய்து விகிதத்தை விளக்குவது என்று முடிவாயிற்று.

தலைமையாசிரியர் தன் வீட்டில் அதை டம்ளரில் ஊற்றி வேகவைக்கும் செய்முறையை எழுதி வந்தார். மந்தாரை இலை போட்ட மூங்கில் குடலை ஒன்றை இரவல் வாங்கினார். அது பதினைந்து டம்ளர் மாவு பிடிக்கும். கரும்பலகையில் அரிசி, உளுந்து, மிளகு, சுக்கு எல்லாவற்றையும் பதினைந்தால் பெருக்கினார். அதுவரை சரி. பெருக்கிய கை அதோடு நிற்கவில்லை. டம்ளர் இட்லி வேக இருபது நிமிடம், ஆகவே குடலைக்கு ஐந்து மணி நேரம் என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "சார், எங்கம்மா ஒரே பானையில நாலு டம்ளர் வெச்சாலும் இருபது நிமிஷத்துல வெந்துடுதே?"

"பெருக்கல் தெரியாம பேசிக்கினு இருக்குறியே, உக்காரும்மா."

நான் தயங்கிச் சொன்னேன். "குடலை தடிமனா இருக்குது சார், நேரம் கூடும்தான். ஆனா மாவு கூடுற அளவுக்குக் கூடாது."

"டீச்சர், புத்தகத்துல நேர் விகிதம் இருக்குதா இல்லையா?"

இருந்தது. நானும் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையிலேயே பானை ஏறியது. மூன்றாம் பீரியடில் நல்ல மணம் வந்தது. மதியம் வேறு மணம் வந்தது. திறந்தால் ஆவி போய்க் கணக்குத் தப்பிவிடும் என்று அவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். அதிகாரி வந்து மூடியைத் திறந்தபோது தண்ணீர் எப்போதோ வற்றி, குடலையின் அடி கரியாகியிருந்தது. நல்ல மனிதர். மேலாகக் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டு, "மிளகு கரெக்டா இருக்குது" என்றார்.

"அடுப்புதான் சார் சரியில்ல" என்றார் தலைமையாசிரியர்.

அடுத்த வகுப்பில் அந்தப் பெண்ணே கேட்டாள். "டீச்சர், மிளகு பதினஞ்சு மடங்கு போட்டா சரியா வருது. நேரம் மட்டும் ஏன் வரல?"

"ஒவ்வொரு டம்ளருக்கும் மிளகு தனியா வேணும். நெருப்பு எல்லாத்துக்கும் ஒண்ணா எரியுதில்ல?" என்றான் ஒருவன். வகுப்பே சண்டை போட்டது. எத்தனை வருடமாகக் காத்திருந்த கேள்வி! குறுக்கே பேசிக் கெடுக்காமல் சாக்பீஸ் தேடுவதுபோல் நின்றிருந்தேன்.

அந்த வாரத் தேர்வில் ஒரு கேள்வி வைத்தேன். ஒருவர் ஒரு பாட்டை நான்கு நிமிடத்தில் பாடுகிறார். ஐந்து பேர் சேர்ந்து பாடினால் எத்தனை நிமிடம்? ஒரே ஒருவனைத் தவிர எல்லோரும் நான்கு என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விடைத்தாள்களைப் புரட்டிப் பார்த்த தலைமையாசிரியர், இருபது என்று எழுதியிருந்த அந்த ஒருவனைக் கூப்பிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார். "இவன் ஒருத்தனாவது ஒழுங்கா படிக்கிறானே டீச்சர்."