காதர் பாயும் கனகாவின் வலது முன்னங்காலும்

சனிக்கிழமை என்றாலும் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பு இருந்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது மேசை மேல் போன் மூன்று முறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். எங்கள் 'ஞாயிறு சவாரி' வாட்ஸ்அப் குழுவில் ஹவில்தார் பரமசிவம் ஐயா எழுதியிருந்தார். காதர் பாய் இன்று காலை கடையைத் திறந்து நாற்காலியில் உட்கார்ந்த கையோடு மாரடைப்பில் தவறிவிட்டார், சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று இரண்டே வரி. பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து பஸ் ஏறினேன். அதற்குள் செய்தி எனக்கு முன்னால் ஓடிவிட்டது. பின் சீட்டில் ஒருவர், "பைப் கடை பாய் குதிரையில இருந்து விழுந்து செத்துட்டாராம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி உட்கார்ந்து, அவர் குதிரையில் இருந்து விழவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடி போனார் என்று சொன்னேன். சொன்ன குரல் கொஞ்சம் உரத்துவிட்டது போல. அந்த மனிதர் ராஜபாளையம் வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டார். காதர் பாயைப் பற்றி யாரோ சொன்ன ஒரு தவறைத் திருத்த எனக்கு அவ்வளவு வேகம் வந்தது. நானே சொன்ன தவறு ஒன்று பதினோரு மாதமாகத் திருத்தப்படாமல் கிடந்தது. அதையும் இந்தக் கட்டுரையில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காதர் மைதீன் அவர்கள் ராஜபாளையத்தில் மோட்டார், பைப் கடை வைத்திருந்தார்கள். வயது ஐம்பத்து நான்கு. குள்ளமான, கனத்த உடம்பு. சேத்தூரில் இருந்து கூமாப்பட்டி வரை எந்தத் தோட்டத்தில் மோட்டார் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். மோட்டார் காயில் கருகிவிட்டது என்று விவசாயி அடித்துச் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். "நான் கண்ணால பாக்காம ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்பார். நேரில் போய்க் கழற்றிப் பார்த்த பிறகுதான் பேச்சு. அவர் பார்த்துச் சொன்னது பிசகியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

குதிரைக்கு அவர் வந்தது சர்க்கரை நோயால். தினமும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். பாய்க்கு நடப்பது என்றால் வேப்பங்காய். "நடக்குற ஒண்ணு மேல ஏறி உக்காந்தா கணக்குல வராதா?" என்று டாக்டரையே கேட்டாராம். சேத்தூர் பக்கம் தென்னந்தோப்பை ஒட்டிய ஒரு திடலில் ஹவில்தார் ஐயா ஆறு குதிரைகள் வைத்துச் சனி ஞாயிறுகளில் சவாரி பழக்கி வந்தார். ராணுவத்தில் குதிரைப் பிரிவில் இருந்தவர். அங்கே பாய் சேர்ந்த அதே மாதம்தான் நானும் சேர்ந்தேன். எனக்கு அப்போது நாற்பத்தொன்று. ஆசிரியர் அறையில் கேலிக்குக் குறைவில்லை. எந்தக் கல்யாண ஊர்வலத்துக்குப் பழகுகிறீர்கள் டீச்சர் என்று கேட்டவர்கள் உண்டு. கேலியைத் தாங்கிக்கொள்ளும் ஆள் இல்லை நான். ஜெயித்துக் காட்டினால்தான் இவர்கள் வாய் அடங்கும் என்று அன்றே மனதில் ஒரு முள் ஏறிக்கொண்டது.

முதல் மூன்று மாதம் வெறும் நடைதான். பிறகு ட்ராட், அதாவது மெல்லோட்டம். குதிரையின் ஓட்டத்தோடு சேர்ந்து எழுந்து எழுந்து உட்கார வேண்டும். எனக்கு இரண்டு வாரத்தில் பிடிபட்டது. பாய்க்கு ஆறு மாதம் ஆனது. ஞாயிற்றுக்கிழமையும் வாடிக்கையாளர்கள் விட மாட்டார்கள். ஒரு கையில் கடிவாளம், காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன், ஸ்டார்ட்டரை மாத்துங்க, பேனல் போர்டத் தொடாதீங்க என்று கத்திக்கொண்டே திடலைச் சுற்றி வருவார். ஹவில்தார் ஐயா தலையில் அடித்துக்கொள்வார். ஒரு வருடம் கழித்து பாய், தான் பழகிய குதிரையையே வாங்கிக்கொண்டார்கள். காலையில் இரண்டு தடவை தும்மிய பிறகுதான் அது நகரும் என்பதால் 'மோட்டார்' என்று பேர் வைத்தார்கள். நான் கனகாவை வாங்கினேன். செம்பழுப்புப் பெண் குதிரை, நல்ல வேகம், என்னைப் போலவே பொறுமை கிடையாது.

ஒரு வார்த்தையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். குதிரையை நிறுத்த ராணுவத்தில் 'தம்' என்பார்களாம். பாய்க்கு அது நாக்கில் நிற்கவில்லை. தம் என்றால் நம்மூரில் பீடிதானே ஐயா என்று சிரிப்பார். கொஞ்சம் என்பதற்கு எங்கள் பக்கம் 'செத்த' என்பார்கள். நாள் முழுக்கக் கடைக்கு வருகிறவர்களிடம் செத்த நில்லுங்க, செத்த இருங்க என்று சொல்லியே பழகிய வாய் அது. குதிரையிடமும் அதையே சொன்னார். 'செத்த' என்று கேட்டதும் மோட்டார் நிற்கப் பழகியது. கூடவே ஓடிய மற்றக் குதிரைகளும் அதைப் பிடித்துக்கொண்டன. ஹவில்தார் ஐயாவின் இருபது வருட 'தம்' இரண்டு மாதத்தில் மறைந்துபோனது.

இது எங்களை எங்கே கொண்டுவந்து விட்டது என்பதைக் கான்சாபுரம் பஸ் ஸ்டாப்பில் தெரிந்துகொண்டோம். நீண்ட தூரப் பயிற்சிக்காகக் கூமாப்பட்டியில் இருந்து மலையடிவார மண்பாதையில் நாலு பேர் வந்துகொண்டிருந்தோம். புல்லுக்கட்டோடு நின்ற ஒரு அம்மா எங்களைப் பார்த்து, செத்தத் தள்ளிப் போங்களேன் என்றார். நாலு குதிரையும் ஆணி அடித்தது மாதிரி நின்றன. தள்ளிப் போகச் சொன்னால் முன்னால் வந்து நிற்கிறீர்களே என்று அந்த அம்மா எங்களைக் கிழித்துத் தொங்கவிட்டார். பாய் சிரித்த சிரிப்பில் சேணத்தில் இருந்து சரிந்துவிட்டார்கள். அன்று மாலையே ஹவில்தார் ஐயா உத்தரவு போட்டார், குதிரை மேல் இருக்கும்போது அந்த வார்த்தை யார் வாயிலும் வரக் கூடாது என்று. நிறுத்த வேண்டுமானால் கடிவாளம் போதும்.

போன வருடம் கோயம்புத்தூர் பக்கம் நடந்த நீண்ட தூரக் குதிரைப் போட்டிக்குப் போனோம். நாற்பது கிலோமீட்டர், இரண்டு சுற்றாக. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கால்நடை டாக்டர் குதிரையின் இதயத் துடிப்பைப் பார்ப்பார். ஓடவிட்டுக் காலைப் பார்ப்பார். கால் கோளாறு என்றால் அந்த இடத்திலேயே வெளியே. எவ்வளவு வேகமாக வந்தோம் என்பதை விட, குதிரை முழுசாக வந்ததா என்பதுதான் அந்தப் போட்டியில் பெரிது. பதக்கத்தோடு திங்கட்கிழமை வருவேன் என்று நான் ஆசிரியர் அறையில் சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

முதல் சுற்றை இருவரும் முடித்தோம். இரண்டாவது சுற்றில் நான் முன்னால், பாய் கொஞ்சம் பின்னால். பாதி வழியில் கனகாவின் நடை மாறியதை என் இடுப்பு உணர்ந்தது. வலது முன்னங்காலை அரை மனதாக வைத்தாள். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப. கல் பாதை, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதை மண்ணாக மாறிய பிறகும் அது நிற்கவில்லை. எனக்குத் தெரிந்தது. இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். இறங்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் இருந்து பாயின் குரல் கேட்டது. பதற்றத்தில் அந்தப் பழைய வாய் வந்துவிட்டது.

"டீச்சர், செத்த நில்லுங்க. கனகா கால் நொண்டுது."

ஓட்டத்தில் இருந்த கனகா அப்படியே நின்றாள். நான் அவள் கழுத்தில் போய் விழுந்தேன். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீரும் வாயில் ரத்தமும். பாயைத் திரும்பிப் பார்க்காமல் அவளை உதைத்து விரட்டினேன். முடிவுக் கோட்டைத் தாண்டினோம். டாக்டர் முன்னால் ஓடவிட்டபோது கனகா தலையை ஆட்டி ஆட்டி நொண்டினாள். வெளியே எடுத்துவிட்டார்கள். மதியத்துக்குள் கால் தசைநார் வீங்கிவிட்டது. எட்டு மாதம் சவாரி கூடாது என்றார் டாக்டர். பாய் நேரத்துக்குள் முடித்து ரிப்பன் வாங்கியிருந்தார்கள்.

அந்த ரிப்பனைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ. குதிரை ஏற்றும் லாரிக்குப் பக்கத்தில், எங்கள் ஆட்கள் எல்லோரும் நிற்கும்போது, இவர் வேண்டுமென்றே அந்த வார்த்தையைச் சொல்லி என்னை நிறுத்தினார் என்றேன். ஓடும் குதிரையைத் திடீரென நிறுத்தினதால்தான் கனகாவின் கால் போனது என்றேன். பாய் மோட்டாரின் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

"நான் பாத்ததத்தான் சொன்னேன் டீச்சர்," என்றார்கள். "வார்த்த தப்பா வந்துருச்சு. கால் அதுக்கு முன்னாடியே..." என்று ஆரம்பித்தவர்கள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

பிறகு நடந்தது திடலுக்கு வருகிற உங்களுக்குத் தெரியும். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் பக்கத்தில் குதிரையைக் கட்ட ஆட்கள் தயங்கினார்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த பாய், ஞாயிறுகளில் நாங்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு ஒன்பது மணி வெயிலில் தனியாக வந்து மோட்டாரை நடத்திவிட்டுப் போனார்கள். குழுவில் அவர்கள் எழுதுவது நின்றது. நான் கனகாவின் காலுக்குப் பட்டி சுற்றிக்கொண்டே, சொன்னது சரிதான் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வேதியியல் டீச்சரான எனக்குப் பாடம் நடத்தச் சொல்லியா தர வேண்டும்.

அடக்கத்தன்று வீட்டில் கூட்டம். ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்துவிட்டேன். நாலு நாள் கழித்துத் திரும்பவும் போனேன். அவர் மனைவி ஜமீலா அக்கா, கணவரை இழந்தவர்கள் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில், உள் அறையில் இருந்தார்கள். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, கனகா எப்படி இருக்கிறாள் என்றுதான் முதலில் கேட்டார்கள். நடக்க ஆரம்பித்திருக்கிறாள் என்றேன்.

"ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லுங்க டீச்சர். அவிய நிப்பாட்டுனதாலதான் அந்தக் கால் போச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர்களே தொடர்ந்தார்கள்.

"அவிய கடைசி வரைக்கும் இதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாக. சோத்துல கைய வச்சுக்கிட்டு அப்பிடியே உக்காந்திருப்பாக. நான் பாத்தது தப்போ, முதல்லயே நொண்டலியோ, என் வாயாலதான் அந்தச் சீவனுக்குக் கால் போச்சோன்னு. நீங்களே பாத்தீகல்ல, அப்பொறம் என்னன்னு கேட்டா, டீச்சர் பொய் சொல்ற ஆளு இல்ல, என் கண்ணுதான் ஏமாத்திருச்சு போலன்னு சொல்லுவாக."

கண்ணால் பார்க்காமல் எதையும் சொல்லாத மனிதர். என் ஒரு வார்த்தையை நம்பித் தன் கண்ணையே நம்பாமல் போய்விட்டார். இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கால் முன்பே நொண்டியதையும், அது எனக்குத் தெரிந்தே இருந்ததையும், ரிப்பனைப் பார்த்து வந்த ஆத்திரத்தையும் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்று அவர்கள் கையைப் பிடித்தேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

பிறகு சொன்னார்கள். "என்கிட்டச் சொல்லி என்ன டீச்சர் செய்ய. எனக்கு எங்க வீட்டாளத் தெரியும். அன்னைக்கு யார் யார்கிட்டச் சொன்னீகளோ, அவுககிட்டப் போய்ச் சொல்லுங்க."

ஹவில்தார் ஐயா என்னிடம், நீங்கள்தான் எழுதப் படிக்கத் தெரிந்தவர், ஞாயிற்றுக்கிழமை திடலில் வாசிக்க பாயைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார். பாயைப் பற்றி எழுத நல்லது நிறையவே உண்டு. ஆனால் அதை எழுதி முடித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டு வர நான் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

ஹவில்தார் ஐயா, சவாரித் தோழர்களே, அன்று லாரிக்குப் பக்கத்தில் நின்று நான் சொன்னதைக் கேட்டவர்கள் நீங்கள். அது பொய். கனகா முன்பே நொண்டினாள். எனக்குத் தெரியும். நான் இறங்கவில்லை. காதர் பாய் கூப்பிட்டு நிறுத்திய இடத்திலேயே நான் இறங்கியிருந்தால் அந்தக் கால் பிழைத்திருக்கும். அந்த மீதிப் பாதையை ஓட்டியது நான். இதை வாசித்து முடித்ததும் யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். பக்கத்தில் குதிரையைக் கட்டத் தயங்கினால் அதிலும் தப்பில்லை. மோட்டாரை ஒன்பது மணி வெயிலில் நான் கையில் பிடித்து நடத்துகிறேன், நீங்கள் எல்லோரும் போன பிறகு.

காதர் பாய், உங்கள் கண் உங்களை ஏமாற்றவில்லை. அரை மணி நேர பஸ் தூரத்தில் இருந்தும் இந்த ஒரு வரியைச் சொல்ல நான் வரவில்லை. போய் வாருங்கள்.