ஸ்டூடியோ மாடியில் இருந்த கணினி

போன கிழமை சாய்ந்தமருதில் கடற்கரைக்குக் கிட்ட இருக்கும் ஒரு வீட்டிலிருந்து பழைய கணினியொன்றைக் கொண்டுவந்து தந்தார்கள். ஆணிகளைக் கழற்றிப் பெட்டியைத் திறந்ததும் அந்த மணம் வந்தது. உப்புக் காற்றில் துருப்பிடித்த தகரம், பல வருஷத் தூசி, கொஞ்சம் கருகிய பிளாஸ்டிக். எங்கள் கரையில் கணினி திருத்திப் பிழைக்கிற எவருக்கும் பழகிய மணம்தான். வேறு நாளென்றால் தும்மிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். அன்றைக்கு ஏனோ கை ஓடவில்லை. ஜெமீல் காக்காவின் ஸ்டூடியோ மாடியில் இருந்த கணினியைத் திறந்தபோதும் இதே மணம்தான் வந்தது.

ஜெமீல் காக்காவை உங்களுக்குத் தெரிந்திருக்காது. அண்ணனை நாங்கள் காக்கா என்போம். கல்முனைக் கடைத்தெருவில் படம் பிடிக்கிறவர். அவருடைய ஸ்டூடியோவில் பின்சுவர் முழுக்க ஒரு நீர்வீழ்ச்சி வரைந்திருக்கும். அதன் ஓரத்தில் நிற்பது மான் என்று அவர் சொல்லுவார்; ஆடு என்று வந்தவர்கள் எல்லோரும் சொல்லுவார்கள். அந்த ஆட்டுக்குப் பக்கத்தில் நின்று படம் பிடிக்காத மாப்பிள்ளை பெண் எங்கள் பக்கத்தில் குறைவு. முன்னொரு காலத்தில் பாண்டிருப்பு, காரைதீவுத் தமிழ்க் கலியாணங்களுக்கும் அவர்தான் போவாராம். பிரச்சினை காலத்தில் அவருடைய தம்பி சவளக்கடைப் பக்கம் வேளாண்மை பார்க்கப் போனார். சைக்கிள் மட்டும் வாய்க்கால் கரையில் கிடந்தது. தமிழ் இயக்கம் கொண்டுபோனது என்றார்கள். மையித்தும், அதுதான் உடலும், கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு காக்கா தமிழாட்களோடு சண்டை பிடித்ததுமில்லை, சிரித்துக் கதைத்ததுமில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லுவார், அவ்வளவுதான்.

சுனாமி வந்தபோது அவர் டிஜிட்டல் கமரா ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தார். கலியாணங்களுக்கென்று வாங்கியது. கடல் திரும்பிப் போன அன்று பின்னேரமே அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிவாசல்களுக்குப் போய்விட்டார். அடக்கம் செய்ய முதல் ஒவ்வொரு முகத்தையும் எடுத்தார். ஏசினவர்களும் உண்டு. "மையித்தப் படமெடுக்கிற நேரமா இது?" என்று ஒருவர் சட்டையைப் பிடித்தார். காக்கா கையை விலக்கிவிட்டு, "நாளைக்கு ஆரும் தேடி வருவாங்க. அப்ப என்னத்தக் காட்டுற?" என்றார்.

முகங்களில் எங்களவர்களும் இருந்தார்கள், தமிழாட்களும் இருந்தார்கள். எவர் எவர் என்று பார்க்க அவகாசம் இருக்கவில்லை. கரையோரத்து மையவாடியில் நீளமாகக் குழி வெட்டி எல்லோரையும் ஒன்றாக வைத்தோம். நான் மண் இழுத்தேன். அதைப்பற்றி இதற்கு மேல் எழுத என்னால் ஏலாது.

அதன்பிறகு வெளிநாட்டுத் தொண்டர்கள் வந்தார்கள். கொண்டுவந்த கணினியொன்றில் லினக்ஸ் போட்டு, காக்காவின் படங்களையெல்லாம் ஏற்றினார்கள். அந்தப் பெயரை நான் முதல்முதல் கேட்டது அப்போதுதான். இருமலுக்குக் குடிக்கிற மருந்தென்று நினைத்தேன். கொழும்பில் கணினிப் படிப்பு முடித்துவிட்டு வந்தவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன்தான் நான். அவர்களில் நெட்டையாக இருந்த ஒருவர், நான் எத்தனை தரம் கேட்டாலும் சலிக்காமல் சொல்லித் தந்தார். படங்களுக்கு வெறும் இலக்கங்கள்தான் பெயர். எங்கே கண்டெடுத்தது, என்ன உடுப்பு, எங்கே அடக்கியது என்ற விவரங்கள் அவர்கள் எழுதிய ஒரு புரோகிராமில் இருந்தன. கணினி ஒழுங்காக எழும்பினால்தான் அது ஓடும்.

தொடக்கத்தில் மாடிப்படி முழுக்கச் சனம் நிற்கும். பிறகு குறைந்தது. பிறகு வருவாரில்லை. தொண்டர்களும் போய்விட்டார்கள். காக்கா அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவைத்தார். திரும்பவும் கலியாணப் படங்கள், ஆடு, நீர்வீழ்ச்சி.

யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் காலையில் இரண்டு பெண்கள் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். ஒருவர் வயதானவர், பாண்டிருப்பு. மற்றவளுக்கு முப்பதுக்குள் இருக்கும். இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. முந்தானையால் அதை மூடி மூடி வைத்தாள். பெயர் தவமலர் என்றாள். கூட வந்தவர் அவளுடைய சின்னம்மா.

தவமலரின் தாயும் மகளும் கடற்கரையோரம் இருந்தவர்கள். தாயின் உடல் அப்போதே கிடைத்துவிட்டது. மகளைக் காணவில்லை. வதனி என்று பெயர். சின்னம்மா ஆஸ்பத்திரிகளில் தேடியிருக்கிறார். எங்கள் பள்ளிவாசல்களுக்கு வரவில்லை. தன் வீட்டிலேயே மூன்று சாவை வைத்துக்கொண்டு அவரும் எங்கேயென்று போவார்? இப்படிப் படங்கள் இருப்பதே இப்போதுதான் காதில் விழுந்ததாம். இதற்கிடையில் ஊரில் ஒரு கதை உலாவியது. ஒரு சின்னப் பிள்ளையை உயிரோடு யாரோ லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம்.

"லொறியில போனது என்ட பிள்ளயா இருந்தா நான் தேடோணும்" என்றாள் தவமலர். "இஞ்ச கிடந்தா, கிடக்கிற இடம் தெரியோணும். ரெண்டுல ஒண்டு தெரியாம என்னால இருக்க ஏலாது."

"இவ்வளவு காலமும் எங்க இருந்த?" என்று கேட்டார் காக்கா.

சின்னம்மா அவளுடைய கையைப் பிடித்து அழுத்தினார். அவள் அதைப் பார்க்காதவள் போல, "நான் மறைக்கல்ல காக்கா. இயக்கத்தில இருந்தனான். பிள்ளய அம்மாட்ட விட்டுட்டு வன்னிக்குப் போனனான். தடுப்பு முகாமில இருந்து விட்டு இப்பதான் வாறன்" என்றாள்.

காக்கா சட்டென்று திரும்பினார். உள்ளே போய்விட்டார். தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி உளூ எடுக்கும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நடுப்பகல் ளுஹர்த் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. நாங்கள் மூவரும் அந்த ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நெடுநேரம் கழித்து ஈர முகத்தோடு வெளியே வந்தவர் என்னிடம், "தம்பி, மேல போய் மெஷினப் போடு" என்றார்.

போட்டேன். ஒரு நொடி விசிறி சுற்றியது. பிறகு டப்பென்று ஒரு சத்தம், புகை. பெட்டியைத் திறந்தேன். அப்போது வந்ததுதான் நான் சொன்ன மணம். மதர்போர்ட் கருகியிருந்தது. டிஸ்க் தப்பியிருக்கும் என்று நினைத்து அதைக் கழற்றினேன். என் கடையிலிருந்து புதிய மதர்போர்டோடு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடி, நின்றுவிட்டன. ரூட் ஃபைல் சிஸ்டத்தை ஏற்ற முடியவில்லை என்றது கடைசி வரி. அதற்குப் பிறகு எந்த விசையை அழுத்தினாலும் அசைவில்லை.

கொழும்பிலிருந்த கூட்டாளிக்குப் போன் அடித்துக் கேட்டேன். "டிஸ்க் மவுத்தாகிட்டு. தூக்கி எறி" என்றான். தொண்டர்கள் விட்டுப்போன பழைய மீட்பு சீடியைப் போட்டேன். அதற்கும் டிஸ்க் தெரியவில்லை. நானும் கிட்டத்தட்ட நம்பிவிட்டேன். ஆனால் கணினியைப் போட்டதும் முதலில் வரும் பயோஸ் திரையில் டிஸ்க்கின் பெயர் ஒவ்வொரு தரமும் தெளிவாக வந்தது. செத்த டிஸ்க் தன் பெயரைச் சொல்லாது. அப்படியென்றால் டிஸ்க் இருக்கிறது, லினக்ஸுக்குத்தான் அதைக் காண முடியவில்லை.

விஷயம் இவ்வளவுதான். கெர்னல் என்பது லினக்ஸின் கரு. அது எழும்பியதும் டிஸ்க்கைத் தேடும். டிஸ்க்கோடு பேச அதற்கென்று ஒரு டிரைவர் வேண்டும். டிரைவர்கள் எல்லாம் டிஸ்க்குக்குள் கிடக்கின்றன. அதனால் முதல் தேவைக்கானதை மட்டும் ஒரு சின்னப் பொதியாகக் கட்டிக் கெர்னலின் கையில் கொடுத்துவிடுவார்கள். இந்தப் பொதி பழைய மதர்போர்டுக்குக் கட்டியது. புதிய மதர்போர்டில் டிஸ்க்கை ஆளும் சிப் வேறு. அதற்கான டிரைவர் பொதியில் இல்லை. கெர்னல் எழும்பியது, தேடியது, காணாமல் நின்றது.

தெரிந்துகொண்டது சுலபம், செய்தது சுலபமில்லை. அந்தக் காலத்துக் கெர்னலுக்கு இந்த சிப்பே தெரியாது. ஆகவே புதிய கெர்னலும் வேண்டும், புதிய மீட்பு சீடியும் வேண்டும். எங்கள் இன்டர்நெட் அப்போது நத்தை. பாதி இறங்கும், கரண்ட் போகும், மறுகா முதலிலிருந்து. தவமலர் ஒவ்வொரு நாளும் வந்து கீழே மர வாங்கில் உட்கார்ந்திருப்பாள். காக்கா அவளோடு கதைக்கமாட்டார். ஆனால் தனக்குப் பாலில்லாத பிளேன்டித் தேநீர் ஊற்றும்போது அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றி வாங்கின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார்.

எனக்கு அந்த நாட்களில் வேலையில் மனம் இரண்டாக இருந்தது. மாடியில் இந்தக் கணினி எழும்பாமல் கிடக்கும்வரை கீழே இருப்பவளுக்கு ஒரு லொறி இருந்தது. அதில் ஒரு பிள்ளை உயிரோடு போய்க்கொண்டிருந்தது. நான் திருத்தத் திருத்த அந்த லொறி கிட்ட வருகிறதா, தூரப் போகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் காக்காவிடம், ஏலாது என்று சொல்லிவிடுவோமா என்று கேட்டேன்.

அவர் கமராவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "என்ட தம்பி எங்க கிடக்கான் எண்டு எனக்குத் தெரியா. எங்களப் பெத்த உம்மா வாசலப் பார்த்துப் பார்த்தே மவுத்தானா. வாங்கில இருக்கிறவளுக்காவது தெரியட்டும்" என்றார்.

புதிய சீடி டிஸ்க்கைக் கண்டது. அதன் வழியாக உள்ளே நுழைந்து, புதிய கெர்னலைப் போட்டு, சிப்புக்கு உரிய டிரைவரைச் சேர்த்துப் பொதியை மறுபடி கட்டினேன். முதல் தரம் சரிவரவில்லை. இரண்டாம் தரம் வெள்ளை எழுத்துகள் வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி ஓடின. சந்தோஷம் வரவேண்டிய இடம். படியால் கீழே அவள் இருந்த வாங்கை எட்டிப் பார்த்தேன்.

பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பிறகு அவர்களை மேலே கூப்பிட்டோம். தவமலர் மகளைக் கடைசியாகக் கண்டது கைக்குழந்தையாக. வளர்ந்த முகம் அவளுக்குத் தெரியாது. சின்னம்மாதான் பார்க்கவேண்டியிருந்தது. தவமலர் திரையைப் பார்க்காமல் சின்னம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிறுபிள்ளைகளின் படங்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். "இல்ல" என்பார் சின்னம்மா. "இல்ல தம்பி." "இல்ல." ஒரு படத்துக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மற்றதற்குப் போக என் விரல் எழும்பவில்லை.

"இவளா?" என்று கேட்டாள் தவமலர். சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்போதுதான் அவள் திரையின் பக்கம் திரும்பினாள். அழவில்லை. கிட்டப் போய், விரல் குறைந்த அந்தக் கையால் கண்ணாடியைத் தொட்டாள். "என்ட அம்மாட நாடி" என்று முகவாயைக் காட்டினாள். "காது என்ட காது."

அடக்கிய இடம் எங்கள் மையவாடி, கிழக்குப் பக்கம், வேலியோரம் என்று புரோகிராம் சொன்னது. காக்கா பள்ளி நிர்வாகத்தாரோடு கதைத்தார். அவள் யார் என்று தெரிந்து எதிர்த்தவர்களும் உண்டு. "பிள்ள இயக்கத்துக்குப் போகல்ல" என்றார் காக்கா. மையவாடிக் கதவைத் திறந்துவிட்டார்கள். அவள் உள்ளே போய் அந்த மணலில் முகம் கவிழ்ந்து படுத்தாள். காக்கா வேலிக்கு வெளியே முதுகைத் திருப்பி நின்றார். திரும்பி வந்தவள் அவர் முன்னால் நின்று, "உங்கட தம்பிட கதைய இந்தத் தம்பி சொன்னவர். எனக்குத் தெரியா காக்கா. தெரிஞ்சா சத்தியமாச் சொல்லியிருப்பன்" என்றாள். காக்கா தலையை ஆட்டினார்.

மகளின் படம் அவளிடம் ஒன்றுகூட இருக்கவில்லை. இதையே தரும்படி கேட்டாள். "இந்த முகத்த வெச்சிருக்காத பிள்ள" என்றார் காக்கா. ஆனால் பிறகு பல நாள் கணினிக்கு முன்னால் குனிந்து இருந்தார். கலியாணப் பெண்களின் பரு மறைக்கும் கை. கன்னத்துச் சேற்றையும் நெற்றிக் காயத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். தலைமயிரை உலர்த்தினார். கண்களை மட்டும் அவரால் திறக்க முடியவில்லை. தூங்குகிற பிள்ளையாக ஒரேயொரு பிரதி எடுத்து உறையிலிட்டுக் கொடுத்தார்.

ஜெமீல் காக்கா மவுத்தாகிவிட்டார். ஸ்டூடியோ இப்போது போன் கடை. நீர்வீழ்ச்சிச் சுவரை இடித்துக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். மாடிக் கணினியைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோனான். தவமலர் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். சின்னம்மாவும் இல்லை. கரையைக் கடல் வருஷாவருஷம் அரித்து உள்ளே வருகிறது. மையவாடியின் கிழக்கு வேலியை ஒரு மாரிக்கு எடுத்தது. அடுத்த மாரிக்கு வேலியோரத்து மணலையும் எடுத்தது.

போன பெருநாளுக்குத் தவமலர் குவைத்திலிருந்து போன் எடுத்தாள். சுகம் விசாரித்தாள். பிறகு, "தம்பி, வதனி கிடக்கிற இடம் அப்பிடியே கிடக்கா?" என்று கேட்டாள்.

நான் அப்போது கரையில்தான் நின்றிருந்தேன். மையவாடியின் வேலியோரம் இருந்த இடத்தில் அலை உடைந்துகொண்டிருந்தது. அதன் சத்தம் கேட்காமல் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஓம் அக்கா, கிடக்கு" என்றேன்.