கம்பாஸுக்குப் பக்கத்துல வச்ச ரேடியோ

போர்ட் பிளேருக்கு வடக்கால இருக்குற லாங் ஐலண்டு மரமில்லுல எங்க மாமா வாரத்துக்கு ஆறு நாள் மரம் அறுப்பாரு. ஞாயித்துக்கிழமை மட்டும் கேப்டன். சின்ன டோங்கிப் படகு ஒண்ணுல இஞ்சின் மாட்டி, லாரி பேட்டரியில பல்பு எரியவிட்டு, உடைச்ச கப்பல்ல கழட்டின கம்பாஸை மரப்பெட்டியில உக்கார வச்சிருந்தாரு. எங்களை ஏத்திக்கிட்டு சும்மா ஊர்சுத்தத்தான் அந்தப் படகு.

அன்னிக்குத் திரும்பி வர்றப்ப மழை பிடிச்சிடுச்சு. கரை, தீவு எதுவுமே தெரியல. அம்மாவோட டிரான்சிஸ்டர் நனையக் கூடாதேன்னு அதை நைசா அந்தப் பெட்டிக்குள்ள, கம்பாஸுக்குப் பின்னாடி சொருகினேன். யாரும் பாக்கல.

மாமா ஒரே குஷி. "பாருக்கா, முள்ளு ஆணி அடிச்ச மாதிரி நிக்குது! இப்படி நேரா எவன்க்கா ஓட்டுவான்?"

அரைமணி நேரம் ஆச்சு. கரையைக் காணோம். பெட்ரோல் கேனை ஆட்டிப் பாத்தாரு. அடியில கொஞ்சம்தான் சலசலத்துச்சு.

அம்மா ரேடியோவைத் தேடி, பெட்டியிலேர்ந்து எடுத்து, போர்ட் பிளேர் ஸ்டேஷனைப் பிடிச்சாங்க. மடியில வச்சு மெதுவாத் திருப்புனாங்க. ஒரு பக்கம் வந்ததும் பாட்டு செத்துப்போச்சு. அந்தப் பக்கம்தான் படகு மூக்கும் இருந்துச்சு.

"ஏண்டா தம்பி, வீடு மேக்கால. நீ தெக்கால எங்க போற, உங்க அத்தானைப் பாக்கவா?"

"அரே, ரேடியோவா வழி சொல்லும்? கம்பாஸைப் பாரு..."ன்னு திரும்புனவரு வாயை மூடல. அத்தனை நேரம் அசையாத முள்ளு, பேய் பிடிச்ச மாதிரி சுத்திப்போயி வேற பக்கம் நின்னுக்கிட்டு இருந்துச்சு. அம்மா கைய வச்சா முள்ளே பயப்படுதுன்னு நெனச்சேன்.

மாமா படகைத் திருப்புனாரு. ஊர்ப் படகுத்துறை தெரிஞ்சப்ப இஞ்சின் கடைசி இருமல் இருமிட்டு நின்னுச்சு. மிச்சத்தைத் துடுப்பு போட்டு வந்தோம்.

மறுநாள் திருட்டுத்தனமா ரேடியோவைக் கம்பாஸ் கிட்ட கொண்டு போனேன். முள்ளு ஸ்பீக்கர் காந்தத்தைப் பாத்து ஓடி வந்துச்சு. எடுத்தா ஓடிப்போச்சு. குத்தவாளி யாருன்னு தெரிஞ்சதும் வாயைத் திறக்கல. மாமா இன்னிக்கும் கடல் தேவதை வேலைன்னுதான் சொல்லிட்டுத் திரியிறாரு. சொல்லட்டும்.

ஆனா பாட்டு சாகுற பக்கம் போர்ட் பிளேர்னு அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அப்பா அங்க வேலைக்குப் போயி ஏழு மாசம் ஆகியிருந்துச்சு. தினம் சாயங்காலம் அம்மா ஜன்னல்ல ரேடியோவைத் திருப்பித் திருப்பி வைப்பாங்க. பாட்டு நின்னதும் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நிப்பாங்க.

பாட்டு கேக்கத் தெரியாத அம்மான்னு நான் கிண்டல் பண்ணியிருக்கேன்.