பதினோரு பழுது

நான் கதை கட்டுகிறேன் என்பவர்கள் செட்டியார்பட்டிக்குப் போய் ஆல்வினின் வலது கையைப் பார்க்கட்டும்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ரோட்டில், ஒரு பழைய நூல் மில் குடோனில் எங்கள் டேட்டா சென்டர் இருந்தது. கழித்துப்போட்ட சர்வர்களிலிருந்து ராம் என்ற மெமரி ஸ்டிக்குகளைக் கழற்றி, டெஸ்ட் செய்து, புது சர்வரில் ஏற்றுவது எனக்கும் ஆல்வினுக்கும் வேலை. ஒரு ஸ்டிக்கில் சில இடங்கள் பழுதாக இருந்தால், அவற்றை மட்டும் மூடிவிட்டு ஓட்டலாம்.

2024 ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் 2.10. டிரைவர் கருத்தப்பாண்டி ஒரு பெட்டியை இறக்கினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் மூடிப்போன ஏதோ ஆபீஸ் சர்வராம். எட்டு ஸ்டிக். ஏழு பாஸ். ஒன்றில் மட்டும் பதினோரு பழுது. ஓரத்தில் துரு மாதிரி ஒரு கறை.

"ஏலே, இது வேண்டாம்லே. ஒரு மாதிரியா இருக்கு," என்றேன் ஆல்வினிடம்.

"பயந்தாங்கொள்ளி! கரண்ட் போனா ராம் அம்புட்டையும் மறந்துரும்லே, நீ டிபன் பாக்ஸ மறக்குற மாதிரி. பதினொன்னையும் மூடிட்டு மாட்டு."

மாட்டினேன். 2.46.

அந்த ரூமில் ஜன்னல் கிடையாது. எப்போதும் ஃபேன் இரைச்சல்தான். அதற்குள் வேறொரு சத்தம் கேட்டது. ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போல...

தொப்... தொப்... தொப்...

எண்ணினேன். பதினொன்று. நின்றது. மறுபடி முதலிலிருந்து.

"ஃபேன்தாம்லே," என்று ஆல்வின் சர்வர் அடுக்கிய ரேக்குக்குள் கையை விட்டான்.

2.51. ரேக்கின் இரும்புக் கதவு தானாக அவன் கைமேல் அறைந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"தொறலே... தொறலே!"

கதவைப் பிடித்தேன். என்னையும் இழுத்துக்கொண்டு திறந்தது. மறுபடி அறைந்தது. ரத்தம் என் முகத்தில் தெறித்தது.

மூன்று.

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். ஃபேன் நின்றது. கதவு நிற்கவில்லை.

நான்கு...

ஸ்டிக்கைப் பிடுங்கினேன்.

அமைதி.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கருத்தப்பாண்டி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அந்த ஆபீஸ்ல வாட்ச்மேன் ஐயாதுரைன்னு ஒருத்தரு தம்பி. திருட வந்தவனுவ அவரு தலைய ரேக்குக்குள்ள வச்சு, கதவாலயே அடிச்சுக் கொன்னுட்டானுவ. பதினோரு அடின்னு போஸ்ட்மார்ட்டத்துல இருந்துச்சாம்."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாண்ணே?"

"சொன்னா எறக்க விட்டிருப்பியளா?"

வேலையை விடும் அன்று அந்த ஸ்டிக்கைத் திரும்ப டெஸ்ட் செய்தேன். பதினைந்து பழுது. நீல மார்க்கரில் அதன்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கழிவுப் பெட்டியில் எறிந்தேன். உடைத்திருக்க வேண்டும். உடைக்கவில்லை.

இப்போது புனேயில் இதே வேலை. தமிழ் பேச ஒருவரும் இல்லை. நேற்றுக் காலை 11.20க்கு ஒரு பழைய ராம் பெட்டி வந்தது. அடியில் ஒரு ஸ்டிக். மேலே நீலப் பெருக்கல் குறி. நான் போட்டதேதான்.

டெஸ்ட் போட்டேன்.

இருபத்திரண்டு.

பதினொன்று ஐயாதுரைக்கு. நான்கு ஆல்வினுக்கு. மீதி ஏழு அடி யாருக்கு விழுந்தது...

பெட்டி எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டேன். இங்கே யாருக்கும் தெரியவில்லை.