அட்டையில் மேஸ்திரி பெயர்

நேற்று ராயபுரம் கல்மண்டபத்தில் ஒரு நாடக ஆசிரியரைக் கண்டுபிடித்தேன். சட்டப்படி அவர் ஆசிரியர் இல்லையாம்.

எழுபதுகளில் துறைமுகத் தொழிலாளர்கள் போட்ட நாடகங்களைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒன்று 'ஏழாம் நம்பர் கிரேன்'. மிச்சம் இருப்பது ஒரே பிரதி. புரட்டினால் அப்பளமாய் நொறுங்கும்.

அட்டையில் ஆசிரியர் பெயர் தணிகாசலம். யாரென்று தெரியவில்லை.

உரிமையாளர் அகப்படாத நூலை அச்சிட வழி இருக்கிறது என்றார் பதிப்பகத்தின் வக்கீல். முதலில் ஆங்கில நாளிதழில் விளம்பரம். (ராயபுரத்தில் மூட்டை தூக்கியவர் காலையில் அதைத்தானே விரித்துக்கொண்டு உட்காருவார்.) பிறகு நீதிமன்றம். இதையெல்லாம் திருத்தப்போகிறார்கள் என்று கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்துவிட்டது.

விளம்பரத்துக்கு முன் நேரில் விசாரிப்போமே என்று போனேன். டீக்கடையில் அந்தோணி மாமாவைக் காட்டினார்கள். எண்பது தாண்டியவர். அந்த நாடகத்தின் கதாநாயகி. (ஆமாம், கதாநாயகிதான். அவர்கள் மேடையில் பெண் வேடமும் ஆண்களுக்கே.)

"தணிகாசலத்தைத் தெரியுமா மாமா?"

"தெரியாம இன்னா? எங்க மேஸ்திரி. லீவு கேட்டா கடிச்சி வெப்பான்."

"அவரா எழுதினார்?"

"அவனுக்குப் படிக்கவே தெரியாதும்மா. எழுதுனது நானு. எம் பேரு போட்டா மறுநாளு வேல கீதா? மாட்டுனா அவன் மாட்டட்டும்னு அவன் பேர போட்டோம்."

நாடகத்தின் வில்லன் ஒரு மேஸ்திரி என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

"மாட்டினாரா?"

"எங்க? அச்சுல பேரு வந்துச்சுன்னு ஊரெல்லாம் காட்டிகினு திரிஞ்சான்."

அங்கிருந்தே வக்கீலுக்கு போன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன். "மேடம், அட்டையில யார் பேரோ அவர்தான் ஆசிரியர். இல்லைன்னு காட்ட கையெழுத்துப் பிரதி இருக்கா?"

"போலீஸ் வரும்னு அப்பவே அடுப்புல போட்டுட்டோம்" என்றார் மாமா.

"அப்போ மேஸ்திரியோட வாரிசைப் பிடிங்க" என்றார் வக்கீல்.

மேஸ்திரி போய்ச் சேர்ந்துவிட்டார். பேரன் திருவொற்றியூரில் இருப்பதாக மாமாவே சொல்லி, நம்பரும் வாங்கித் தந்தார். (தன் நாடகத்துக்கு அனுமதி வாங்க.)

பேரனுக்கு ஒரே சந்தோஷம். வாட்ஸப்பில் பக்கங்களை அனுப்பினேன். இன்று காலை பதில் வந்தது.

"தாத்தா பெரிய ரைட்டர்னு வீட்ல சொல்வாங்க மேடம். தாராளமா போடுங்க, கையெழுத்துப் போடறேன். ஒரே ஒரு ரிக்வெஸ்ட். அந்த மேஸ்திரி கேரக்டரைக் கொஞ்சம் நல்லவரா மாத்திடுங்க."

டீக்கடைக்குப் போய் மாமாவிடம் படித்துக் காட்டினேன். டீயை வைத்துவிட்டார்.

"பேரு அவனுதே இருந்துட்டுப் போட்டும். கண்ணு மூடறதுக்குள்ள அச்சுல பாத்தா போதும் எனக்கு. ஆனா ஒரு வார்த்த தொட்டானுவோ, கேசு போட்டுருவேன்."

"எதை வைத்து மாமா?"



சட்டம் படித்த நண்பர்கள் யாராவது சொல்லுங்களேன்.